ஏழு யூனிற் குடும்பம்

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது குணமக்கா அடுப்பிலிருந்து தாச்சியை இறக்கி வைப்பார். மல்லியோ மிளகாயோ, எந்தப் பதத்தில் நின்றாலும் சரி, இறங்கத்தான் வேண்டும். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, குசினி அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பொலித்தீன் பையில் சுற்றிய றிமோட்டை எடுத்து, வேலியில் ஓராள் குனிந்து போகக்கூடியதாக விட்டிருக்கும் பொட்டுக்குள்ளால் அடுத்த வளவுக்குப் போவார். அங்கே போர்ட்டிக்கோ வைத்த பெரிய கல்வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது. இடுப்பில் செருகிய கொத்திலிருந்து திறப்பை எடுத்து முன்கதவைத் திறப்பார். உள்ளே ஒருவருமில்லை என்று நன்றாகத் தெரிந்தும், "நான்தான் வாறன்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டே காலை வைப்பார்.

பிறகு ரீவியைப் போடுவார். பின்பக்கம் பானை போல வீங்கிய பழைய பெட்டி அது. சில்லுப் பூட்டிய மேசையில் இருக்கிறது. அதன் முகம் வீட்டுக்குள்ளே பார்க்காது. றோட்டுப் பக்கத்து யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். யன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு, மெல்லிய நீலத் திரைச்சீலையை இழுத்து மூடுவார். படம் அசைய அசையச் சீலையில் வெளிச்சம் நெளியும். சத்தம் பதினெட்டு. பதினேழில் வைத்தால் ஒழுங்கைக்குக் கேட்காது. பத்தொன்பதில் வைத்தால், "செவிட்டுக் குடும்பம் எண்டு நினைப்பினம்." இவ்வளவையும் செய்து முடித்துக் கதவைப் பூட்டிக்கொண்டு தன் வீட்டுக்குத் திரும்பி, தாச்சியை மறுபடி அடுப்பில் ஏற்றுவார். இனி ஒன்பது மணிக்குத்தான் கதவைத் திறந்து அதை நிறுத்துவார். அதுவரை மூன்று மணித்தியாலம் அந்த ரீவி ஆளில்லாத வீட்டில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

வட்டுக்கோட்டைச் சந்தியிலிருந்து சித்தங்கேணிக்குப் போகிற வழியில் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது இந்த வீடு. வீட்டுக்காரர் குகதாசன். குணமக்காவின் பெரியம்மா மகன், தம்பி முறை. பதினொரு வருடமாகக் கனடாவில் இருக்கிறான். போகிற அன்று வான் வண்டியில் ஏறுமுன் திறப்புக் கொத்தை இவருடைய கையில் வைத்து, "அக்கா, நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ" என்றான். அவ்வளவுதான். சம்பளம் பேசவில்லை, பேசியிருந்தால் இவர் வாங்கியிருக்கவும் மாட்டார். குணமக்காவின் பிழைப்பு வேறு. வெளிநாடு போகிறவர்களுக்கும் வெளிநாட்டுக்குப் பொதி அனுப்புகிறவர்களுக்கும் கறித்தூள் வறுத்து இடித்துக் கொடுக்கிறார். திறப்பு என்பது பிழைப்பில் சேராது. அந்த ஒழுங்கையில் யாருடைய வீட்டுத் திறப்பு யாருடைய இடுப்பில் தொங்குகிறது என்பதை வைத்துத்தான் ஆளுடைய மதிப்பை அளப்பார்கள். குணமக்காவின் நல்ல பெயர் முழுவதும் அந்தக் கொத்தில் இருந்த ஐந்து திறப்புகளில்தான் கோத்திருந்தது.

ரீவிக் காவல் தொடங்கியது போன ஆடியில். ஒழுங்கை முடக்கில், இதே போலப் பூட்டிக் கிடந்த சுவிஸ்காரர் வீட்டில், பொழுதுபடுகிற நேரமாகப் பார்த்துக் கிணற்று மோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவசரமில்லாமல் ஆறுதலாக, ஆணி ஆணியாகக் கழற்றிப் போயிருந்தார்கள். அன்றைக்குக் குணமக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. நாய் வளர்க்கலாமா என்று யோசித்தார். நாய்க்குச் சமைக்க வேண்டும். பிறகு அது வேறு வீட்டு நாயோடு போய்விடும். லைற்றைப் போட்டு வைக்கலாமா? "லைற்றைப் போட்டால், லைற் மட்டும்தான் இருக்கெண்டு கள்ளனுக்கு விளங்கிப்போம்." ஆள் இருக்கிற வீட்டில் என்ன கேட்கும் என்று ஒழுங்கையில் மேலும் கீழும் நடந்து காது கொடுத்துப் பார்த்தார். எல்லா வீட்டிலும் ரீவிதான் கேட்டது.

ஆனாலும் பிறத்தியார் வீட்டுக் கரண்ட் அல்லவா? வயரிங் வேலை செய்கிற கோபிசங்கரை மறித்து, யாருடைய ரீவி என்று மூச்சு விடாமல், "தம்பி, ரீவி ஒண்டு எவ்வளவு கரண்ட் குடிக்கும்?" என்று கேட்டார்.

"பின்னாலை எத்தினை வாற்ஸ் எண்டு எழுதியிருக்கும், பாருங்கோ அன்ரி. எண்பது எண்டால், பன்னிரண்டரை மணித்தியாலம் ஓட ஒரு யூனிற்."

எண்பதுதான் எழுதியிருந்தது. ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் என்றால், நாலு நாளைக்கு ஒரு யூனிற், மாதத்துக்கு ஏழு. குணமக்காவுக்கு மனம் லேசாகிவிட்டது. ஒரு குடும்பத்தையே ஏழு யூனிற்றில் குடிவைக்கலாம் என்றால் மலிவுதானே! நிறுத்திய பிறகும் பெட்டியின் மூலையில் மினுங்குகிற சின்னச் சிவப்பு வெளிச்சமும் கொஞ்சம் தின்னும் என்று கோபிசங்கர் சொன்னதால், ஒன்பது மணிக்கு பிளக்கையே பிடுங்கி வைத்துவிடுவார்.

குடும்பம் என்று சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. குணமக்கா மனத்துக்குள் உண்மையாகவே ஒரு குடும்பத்தை அமைத்திருந்தார். வங்கியில் வேலை செய்கிற மனிதர், அவருடைய மனைவி, ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெடியன். ஆறு மணிக்குப் பெடியனுக்குக் காட்டூன். அரை மணித்தியாலத்துக்கு மேலே விடமாட்டார். படிக்கிற பிள்ளை கெட்டுப்போகும். ஆறரைக்குப் பக்திப் பாட்டு. ஏழு மணிக்கு மனிதர் செய்தி கேட்பார். ஏழரைக்கு மனைவியின் நாடகம். பெரிய ஆட்டம் இருக்கிற நாட்களில் பகலிலிருந்தே கிரிக்கெற். அலைவரிசை மாற்ற வேண்டிய ஒவ்வொரு நேரமும் குணமக்கா பொட்டுக்குள்ளால் போய், யன்னலுக்கு வெளியே நின்று, றிமோட்டைக் கம்பிக்குள்ளால் நீட்டி அமத்திவிட்டு வருவார்.

வாசலில் மூன்று சோடிச் செருப்புகள் வைத்தார், அதிலொன்று சின்னது. கொடியிலே தன் கணவர் ஏரம்பரின் வெள்ளைச் சேட்டுகளைக் காயப்போட்டார். ஏரம்பர் வெங்காயத் தோட்டக்காரர். இருட்டோடு எழும்பி, ஏழு மணிக்கெல்லாம் படுத்துவிடுகிற மனிதர். தன் சேட்டுகள் கனடாக்காரர் வீட்டுக் கொடியில் ஆடுவதை ஒருநாள் கண்டுவிட்டார்.

"உனக்கென்ன விசரே? ஆளில்லாத வீட்டிலை ஆற்றை சேட் காயுது?"

"நீங்கள் சும்மா கிடவுங்கோ. அது கள்ளனுக்குக் காயப்போட்டது."

இந்த ஏற்பாட்டைக் குகதாசனுக்குக் குணமக்கா சொல்லவேயில்லை. மறைக்கிற எண்ணத்தாலல்ல. காவல் வேலை என்றால் இரகசியம் இருக்க வேண்டும். "கனடாவுக்குச் சொல்லுறதும் ஒண்டுதான், கோயிலிலை ஸ்பீக்கர் கட்டிச் சொல்லுறதும் ஒண்டுதான்" என்பது அவருடைய தீர்மானம். அது எவ்வளவு சரியான தீர்மானம் என்பது அவருக்கே பிறகுதான் விளங்கியது.

இவ்வளவு செய்கிறவர் அந்த ரீவியில் ஒரு நாளும் படம் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அவருடைய சொந்த ரீவி முந்திய மாரியில் இடி விழுந்து கருகிப் போயிருந்தது. றிமோட்டை நீட்டும்போதும் முகத்தைச் செவ்வரத்தை மரத்துப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஏன் என்று கேட்டால், "காவலுக்குக் கட்டின நாயோடை இருந்து விளையாடினால் அது காவல் காக்குமே?" என்பார். ஆனால் காதை என்ன செய்வது? ஏழரை மணி நாடகம் வேலிக்கு மேலால் ஒரு சொல் விடாமல் வந்துகொண்டிருந்தது. தூள் அரித்துக்கொண்டே பத்து மாதமாக அந்த நாடகத்தைக் கேட்டுவந்தார். அதிலே வருகிற மாமியார்க்காரியின் குரல் தேன், குணமோ நஞ்சு. அவளைக் குணமக்கா மெலிந்த, நீள மூக்குள்ள, கழுத்து நரம்பு தெரிகிற ஒருத்தியாகக் கற்பனை செய்து வைத்திருந்தார். அவள் மருமகளை ஏமாற்றிக் காணி எழுதி வாங்கிய அன்று, வறுத்துக்கொண்டிருந்த மல்லியை அகப்பையால் இரண்டு அடி கூடவே அடித்தார்.

எல்லாம் நல்லபடி நடந்துகொண்டிருக்கும்போதுதான் கிரிக்கெற் மாதம் வந்தது.

ஆழ்வாப்பிள்ளை ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பது வருடம் அந்த ஊரின் வீடு வீடாகச் சைக்கிள் மிதித்தவர். பின்னேரத்தில் அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில், யன்னலில் வெளிச்சம் ஆடுவதையும் வர்ணனைக்காரர் கத்துவதையும் கண்டு கேற்றடியில் நின்றார். "தம்பி, ஸ்கோர் என்ன?" என்று கேட்டார். பதில் இல்லை. மறுநாளும் கேட்டார். "ஐயா, ஸ்கோர் என்ன?" என்று தம்பி ஐயாவாகியும் பதில் இல்லை. மூன்றாம் நாள், "எத்தினை விக்கெற் எண்டாவது சொன்னால் குறைஞ்சு போவியளே? வாயிலை என்ன கொழுக்கட்டையோ!" என்று கேற்றில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

வேலிக்கு இந்தப் பக்கம் குணமக்கா சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு சிரித்தார். ஊரில் ஒவ்வொரு வீட்டு விலாசமும் மனப்பாடமான ஆழ்வாப்பிள்ளையே ஏமாந்துபோனார் என்றால், மோட்டர் கள்ளன் எம்மாத்திரம்? அன்றைக்கே அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் சிரிப்பு அடங்கவில்லை; பெருமையும் விடவில்லை.

கோபம் ஆறாத ஆழ்வாப்பிள்ளை அதைக் கனடாவில் இருக்கிற மகளுக்குத் தொலைபேசியில் சொன்னார். குகதாசன் வீட்டுக்கு வாடகைக்கு வந்திருக்கிற சனம் மரியாதை தெரியாத சனம் என்றார். மகள் அதை அங்கே தமிழ்க்கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற பிரசாந்தியிடம் சொன்னாள். பிரசாந்தி குகதாசனின் மனைவி. வெண்டைக்காயை அப்படியே போட்டுவிட்டு அவள் வீட்டுக்கு ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குணமக்காவின் கைபேசி அடித்தது.

"அக்கா, வீட்டை ஆருக்குக் குடுத்திருக்கிறியள்?"

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய் குகன்?"

"மறைக்காதேங்கோ அக்கா. சங்கானைக்கு மாறி வந்த ஒரு பாங்க் மனேச்சராம். மனுசியும் ஒரு பெடியனுமாம். வெள்ளைச் சேட்டுக் கொடியிலை காயுதாம்."

குணமக்காவுக்கு முதலில் வந்தது, சொன்னால் வெட்கம், சந்தோசம்தான். ஒருவருக்கும் சொல்லாமல் மனத்துக்குள் வைத்திருந்த குடும்பம், ஊரார் செருப்பையும் சேட்டையும் பார்த்துக் கட்டிய கதையில் அச்சுப் பிசகாமல் அப்படியே கனடா போய்ச் சேர்ந்திருக்கிறது! அதுவும் சாதாரண வேலையில் இவர் அமர்த்திய மனிதருக்கு ஊர் மனேச்சராகப் பதவியுயர்வு வேறு கொடுத்திருக்கிறது. அடுத்த சொல்லில் அந்தச் சந்தோசம் போய்விட்டது.

"கரண்ட் பில்லையும் இஞ்சை இருந்து பாத்தனான் அக்கா. முந்திச் சைபர். இப்ப மாசம் மாசம் ஏழு. போன மாசம் பத்து. ஆளில்லாத வீட்டிலை ஆர் கரண்ட் குடிக்கிறது? வாடகை உங்களுக்குத் தேவையெண்டால் என்னட்டைக் கேட்டிருக்கலாமே. பிரசாந்தியின்ரை தம்பி சுபாஸ்கரன் வருவான். திறப்பை அவனிட்டைக் குடுத்துவிடுங்கோ."

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. "ஓம், குடுக்கிறன்" என்று மட்டும் சொல்லிக் கைபேசியை வைத்தார். பதினொரு வருடம் அந்த வளவில் விழுந்த மாங்காயைக்கூடக் கேட்காமல் எடுத்ததில்லை. அப்படிப்பட்டவரைப் பார்த்து, வீட்டை வாடகைக்கு விட்டுக் காசைச் சேலையில் முடிந்தவள் என்று நினைத்துவிட்டானே! தூள் வேலை செய்கிறவருக்கு ஒரு வசதி, அழுதாலும் மிளகாய் என்று சொல்லித் தப்பலாம். குணமக்கா அன்றைக்கு அப்படித்தான் தப்பினார்.

"அவனுக்கு எடுத்து ஒருக்கால் விளங்கப்படுத்தன்" என்றார் ஏரம்பர்.

"ஆருக்குக் குடுத்தியள் எண்டு கேட்டவனுக்கு நான் என்னத்தை விளங்கப்படுத்துறது? நம்பினால் கேட்டிருப்பானே?"

இருந்தாலும் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தாச்சி இறங்கியது. திறப்பு கையை விட்டுப் போகிற நிமிடம் வரைக்கும் வீடு தன் பொறுப்பு என்பதில் குணமக்காவுக்குச் சந்தேகமில்லை. காட்டூன், பக்திப் பாட்டு, செய்தி, நாடகம், ஒன்றும் தவறவில்லை.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குச் சுபாஸ்கரன் வந்தான். லொறி வைத்திருக்கிற, நாற்பது வயது, வாட்டசாட்டமான ஆள். வாடகைக்காரரை வீட்டை விட்டு எழுப்பிவிடுகிற முகத்தோடு மோட்டர்சைக்கிளை நிறுத்தி, கேற்றைத் திறந்து உள்ளே வந்தான். செருப்புகளைப் பார்த்தான். சேட்டைப் பார்த்தான். உள்ளே ஓர் ஆண் குரல் நாட்டு நடப்பை நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"மனேச்சர் ஐயா!"

குரல் நிற்கவில்லை.

"ஐயா, உங்களைத்தான்! போனிலை பிறகு கதைக்கலாம், ஒருக்கால் வெளியிலை வாங்கோ!"

செய்தி வாசிப்பவர் வானிலைக்குப் போனார். சுபாஸ்கரனுக்குக் கண் சிவந்துவிட்டது. யன்னல் கம்பியை உலுப்பப் போனபோதுதான் குணமக்கா பொட்டுக்குள்ளால் வந்தார். ஒரு கையில் திறப்புக் கொத்து, மற்றக் கையில் ஒரு பழைய பால்மாத் தகரப் பேணி.

"கத்தாதை தம்பி. அவர் ஆருக்கும் பதில் சொல்லமாட்டார். வா, உள்ளை வந்து ஆளைப் பார்."

கதவைத் திறந்து லைற்றைப் போட்டார். சோபாவுக்கு மேலே போர்த்த வெள்ளைச் சீலை போர்த்தபடி. குசினியில் அடுப்பே இல்லை. படுக்கையறைகளில் மெத்தைகள் சுருட்டியபடி. ஹோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரீவி யன்னலுக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. சுபாஸ்கரன் அறை அறையாகப் போய்வந்தான். அவனுடைய முகத்தில் பாதி நம்பிக்கைதான்.

"நாங்கள் வாறமெண்டு தெரிஞ்சு ஆக்களை அனுப்பிப்போட்டியள் போலை?"

குணமக்கா பேணியைத் திறந்து மாதா மாதம் வந்த கரண்ட் பில்களை மேசையில் பரப்பினார். ஒன்றும் தவறாமல் வைத்திருந்தார்.

"உங்கடை வீட்டிலை எத்தினை பேர்?"

"நாலு பேர்."

"மாசம் எத்தினை யூனிற் ஓடும்?"

"தொண்ணூறு, தொண்ணூற்றைஞ்சு வரும்."

"பார், இஞ்சை ஏழு. ஏழு யூனிற்றிலை ஒரு பாங்க் மனேச்சர் குடும்பம் நடத்துவாரோ? பெடியன் இருட்டுக்குள்ளையோ படிக்கிறான்? மனுசி அம்மியிலையோ அரைக்கிறாள்? உந்த வெக்கைக்கு ஃபான் இல்லாமல் எந்த மனேச்சர் படுப்பார், சொல்லு பாப்பம்? சேட்டை ஆர் அயன் பண்ணுறது?"

சுபாஸ்கரன் ஒரு பில்லை எடுத்துப் புரட்டினான். குணமக்காவுக்கு இப்போது வேகம் பிடித்துவிட்டது.

"இது நாலு. ஏன் நாலு? மாரி. இடிக்குப் பயந்து நான் பிளக்கைப் பிடுங்கி வைச்ச மாசம். எங்கடை ரீவி அப்பிடித்தானே போனது. இது பத்து. அது கிரிக்கெற் மாசம், பகல் முழுக்க ஓடினது. ஆழ்வாப்பிள்ளை அண்ணையைக் கேள், மூண்டு நாள் வந்து ஸ்கோர் கேட்டவர். மிச்சமெல்லாம் ஏழு. பின்னாலை போய்ப் பார், எண்பது எண்டு எழுதிக் கிடக்கு."

சுபாஸ்கரன் பின்னாலே போகத் தேவையில்லை. ரீவியின் பின்பக்கம்தான் ஹோலைப் பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்து வாசித்தான். கைபேசியை எடுத்து எண்பதை மூன்றால் பெருக்கினான், முப்பதால் பெருக்கினான், ஆயிரத்தால் வகுத்தான்.

"ஏழு தசம் இரண்டு" என்றான். பிறகு, லொறிக்காரப் புத்தி விடாமல், "தசம் இரண்டு குறையுது அக்கா" என்றான்.

"இடைக்கிடை கரண்ட் போறதெல்லோ!"

அதோடு சுபாஸ்கரன் சிரிக்கத் தொடங்கினான். சீலை போர்த்த சோபாவில் விழுந்து சிரித்தான். "நான் ரீவிக்காரனோடையோ சண்டைக்குப் போனனான்?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்று கனடாவுக்கு வீடியோவில் எடுத்தான். அங்கே காலை. குகதாசனுக்கு ரீவியின் முதுகைக் காட்டினான், பில்களைக் காட்டினான், செருப்புகளைக் காட்டினான். சேட்டைக் காட்டியபோது, "அது எங்கடை ஏரம்பு அத்தான்ரை சேட்டெல்லோ!" என்று அங்கிருந்து பிரசாந்தியின் குரல் கேட்டது. பிறகு அந்தப் பக்கத்திலும் சிரிப்பு.

"அக்கா" என்றான் குகதாசன். "குறை நினைக்காதேங்கோ. நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது."

"கூடாதுதான்" என்றார் குணமக்கா. அந்த ஒரு சொல்லோடு மனத்தாங்கல் கரைந்துபோனது. ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா? கொத்தை இடுப்பிலிருந்து எடுத்துச் சுபாஸ்கரனிடம் நீட்டினார். "இந்தா, வந்த வேலையைப் பார்."

சுபாஸ்கரன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "ஐயோ, எனக்கு வேண்டாம். பாட்டும் காட்டூனும் போட என்னாலை ஏலாது."

"எனக்கெண்டாலும் முதலே சொல்லியிருக்கலாமே அக்கா?" என்றான் குகதாசன்.

"சொல்லாமலே இவ்வளவு தூரம் வந்திருக்கு. சொல்லியிருந்தால் எத்தினை மணிக்கு என்ன எண்டு கள்ளனுக்கே நேரசூசி போயிருக்கும்."

"அப்ப இனி ஊருக்கு என்ன சொல்லுறது? நீங்கள் வாடகைக்கு விட்டதெண்டெல்லோ கதை."

குணமக்கா இதை யோசித்து வைத்திருந்தார். "நீதான் குடுத்தனி எண்டு சொல்லு. ஆழ்வாப்பிள்ளை அண்ணையின்ரை மகளுக்கு முதல் சொல்லு, மிச்சத்தை அவள் பாப்பாள். என்ரை பேரும் கெடாது. மனேச்சரும் இருந்துபோகட்டும்."

அப்படியே முடிவாயிற்று. கைபேசியை வைக்குமுன் குகதாசன் இன்னொன்று சொன்னான்.

"உங்கடை ரீவி இடியிலை போச்செல்லே? நீங்கள் இருந்து பாருங்கோவன் அக்கா."

"சீ, சீ. மற்றவையின்ரை கரண்டிலை நான் படம் பாக்கிறேல்லை."

"ஒருத்தரும் பார்க்காட்டியும் ஏழு யூனிற்தானே? நீங்கள் பார்த்தாலும் அதே ஏழுதானே? கண் பார்த்தால் கூட ஓடுமே?"

மறுநாள் முழுவதும் குணமக்கா தூள் அரித்துக்கொண்டே அதை யோசித்தார். கோபிசங்கரைக்கூட வழியில் மறித்து, "தம்பி, ஆள் இருந்து பார்த்தால் ரீவிக்குக் கரண்ட் கூடச் செல்லுமோ?" என்று ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அவன் அன்ரியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இல்லை என்றான்.

ஊரில் இப்போது ஒரு மாற்றம் தெரிகிறது. மனேச்சர் குடும்பம் கொஞ்சம் மரியாதை பழகியிருக்கிறது. கிரிக்கெற் நாட்களில், ஆழ்வாப்பிள்ளை கோயிலுக்குப் போகிற நேரமாகப் பார்த்துச் சத்தம் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டுக்கு ஏறுகிறது. அவர் கேற்றடியில் நின்று ஸ்கோரைக் கேட்டுக்கொண்டு, "நல்லது தம்பி" என்று யன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார்.

வீடியோவில் பேசியதற்கு மூன்றாம் நாள் பின்னேரம், ஏழரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, குணமக்கா தன் வீட்டு பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு பொட்டடிக்கு வந்தார். கதிரை பொட்டுக்குள் நேராகப் போகவில்லை. கால்களை முன்னுக்குத் திருப்பிச் சரித்து இழுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குள்ளே போகவில்லை. ரீவியின் முகத்தை ஹோலுக்குத் திருப்பவுமில்லை. அது றோட்டைப் பார்த்துத் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்க வேண்டும். வளவுக்குள், யன்னலுக்கு வெளியே, றோட்டிலிருந்து பார்த்தால் தெரியாதபடி செவ்வரத்தை மரத்தின் மறைவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். நாடகத்தின் பாட்டுத் தொடங்கியது. பாட்டு முடிந்து, பத்து மாதமாகக் கேட்டுப் பழகிய அந்தத் தேன் குரல் பேசத் தொடங்கியது. குணமக்கா ஒழுங்கையை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கம்பிக்குள்ளால் கையை விட்டு, திரைச்சீலையை நாலு விரல் அகலத்துக்கு விலக்கினார்.

மாமியார்க்காரியின் பாதி முகம் தெரிந்தது. உருண்டைக் கன்னம், குட்டி மூக்கு.

குணமக்கா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு, மறுபடி கையை நீட்டி, இன்னும் ஒரு விரல் விலக்கினார்.